ஒரே முத்துச்சிப்பி, நாலு பெயர்: குப்பியில் எதை எழுதுவது?

பனங்காட்டுக்காரி எழுதியது:

வணக்கம். நான் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆய்வக உதவியாளர். பதினோரு வருடமாகக் குப்பிகளோடுதான் பிழைப்பு. பட்டம் வாங்கியவள் இல்லை. ஆனால் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அடுத்த மாதம் ஆய்வுக் குழு வருகிறது. அருங்காட்சி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. இப்போது எல்லாக் குப்பிகளிலும் பழைய சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு ஒரே மாதிரி ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள். மீன், நண்டு, சங்கு எல்லாம் முடிந்துவிட்டது. முத்துச்சிப்பித் தட்டில் வந்து மாட்டிக்கொண்டேன்.

மூன்று குப்பி இருக்கிறது. முதலாவதில் பழுப்புக் காகிதம், மைப்பேனா எழுத்து: மார்கரிடிஃபெரா வல்காரிஸ். ஆண்டு இருந்த மூலையைக் கரப்பான் தின்றுவிட்டது. இரண்டாவதில் பிங்க்டாடா வல்காரிஸ், தொலையிரம் பார், 1958 (பார் என்றால் சிப்பி கிடக்கும் கடலடிக் கல்தரை). மூன்றாவது தட்டச்சு செய்தது: பிங்க்டாடா ஃபுகாட்டா (கூல்ட்), வேப்பலோடை, 1976. என் கண்ணுக்கு மூன்றிலும் ஒரே சிப்பிதான். இறுதியாண்டுப் பையன் ஒருவன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதெல்லாம் பழசு, இப்போது இம்பிரிகாட்டா என்றுதான் சொல்ல வேண்டும்" என்கிறான். அவன் பக்கத்தில் இருந்த பெண் ரேடியாட்டா என்கிறாள்.

துறையில் கேட்டேன். "ஏதாவது ஒன்றைப் போடும்மா, யார் பார்க்கப்போகிறார்கள்" என்று பதில் வந்தது. எனக்கு மனசு வரவில்லை.

இன்னொரு சந்தேகமும் உண்டு. சில பெயருக்குப் பின்னால் ஆள் பெயர் அடைப்புக்குள் இருக்கிறது, சிலதில் அடைப்பு இல்லை. இது அச்சுப் பிழையா? ஸ்டிக்கர் கடைக்காரர் தினமும் போன் செய்து கேட்கிறார்.

முக்குளிப்பான் எழுதியது:

முதல் வேலையாக அந்தச் சுரண்டும் கத்தியைக் கீழே வையுங்கள் அம்மா. மற்றதை அப்புறம் பேசலாம்.

வைத்துவிட்டீர்களா? சரி.

நான் கடல் ஆய்வில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். சிப்பிகளை எண்ணி எண்ணியே கண் போனது. உங்கள் மூன்று சீட்டும் சரியானவைதான், அதை எழுதியவர்கள் யாரும் தப்புச் செய்யவில்லை. ஒவ்வொன்றும் அது எழுதப்பட்ட காலத்தின் கருத்து. அதை உரித்தால் அந்தக் குப்பிக்கு வயதே போய்விடும்.

கதை 1758இல் தொடங்குகிறது. விலங்குகளுக்கு ரெட்டைப் பெயர் (முதலில் பேரினம், பிறகு இனம்) வைக்கும் வழக்கத்துக்கு அந்த ஆண்டுதான் கணக்கு. லின்னேயஸ் பெரிய கருவிளிம்பு முத்துச்சிப்பியை மைட்டிலஸ் மார்கரிடிஃபெரஸ் என்று எழுதினார். மைட்டிலஸ் என்றால் இன்று நாம் ஆளி என்கிற வகை. இரண்டு ஓடு இருந்து, நாரால் கல்லைப் பிடித்துக்கொண்டு கிடந்தால் அவருக்கு அது போதும். பின்னால் வந்தவர்கள் அதை அங்கிருந்து எடுத்துப் பிங்க்டாடா பேரினத்தில் போட்டார்கள். அப்படி வீடு மாறினால் முதலில் பெயர் வைத்தவரை அடைப்புக்குள் போட வேண்டும். பிங்க்டாடா மார்கரிடிஃபெரா (லின்னேயஸ், 1758). பிங்க்டாடா இலக்கணப்படி பெண்பால், அதனால் மார்கரிடிஃபெரஸ் என்ற வாலும் மார்கரிடிஃபெரா ஆனது. ஆக, உங்கள் அடைப்புக்குறி அச்சுப் பிழை இல்லை. "இந்தப் பெயர் பிறந்த வீடு வேறு" என்று அது சொல்கிறது.

அடைப்பு இல்லாததற்கு உதாரணம் உங்கள் மாணவன் சொன்ன இம்பிரிகாட்டாவேதான். பிங்க்டாடா இம்பிரிகாட்டா ரோடிங், 1798. பிறந்ததும் பிங்க்டாடாவில், இருப்பதும் அங்கேயே. இந்த ரோடிங் கதை வேடிக்கையானது. ஹாம்பர்க்கில் போல்டன் என்றொரு மருத்துவர், சிப்பி சேர்ப்பதில் பித்து. அவர் 1796இல் இறந்தபோது வீடு நிறையச் சிப்பி. அதை விற்பதற்காக ரோடிங் ஒரு பட்டியல் போட்டார். ஏலப் பட்டியல்தான்! அதில் ஒவ்வொன்றுக்கும் லத்தீனில் பெயர் வைத்து, பழைய படப் புத்தகங்களில் எந்தப் படம் என்று எண் கொடுத்தார். அந்தப் பட்டியல் ரொம்ப காலம் பலர் கண்ணில் படவில்லை. பட்டபிறகு, மூத்த பெயருக்கே முதலிடம் என்ற விதியால் பல சிப்பிகளின் பெயர் ஆட்டம் கண்டது. ஏலம் விட எழுதிய காகிதம் இன்று நம் தலையில்.

இம்பிரிகாட்டா என்றால் ஓடு வேய்ந்தது போல என்று பொருள். நாட்டு ஓடு ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கும் பாருங்கள், அப்படிச் செதில் செதிலாக. ஃபுகாட்டா என்றால் சாயம் பூசியது. ரேடியாட்டா என்றால் கதிர் கதிராகக் கோடு போட்டது. ஒரே கடலில், ஒரே பாரில் எடுத்த சிப்பிகளில் இந்த மூன்று தோற்றத்தையும் நான் பார்த்திருக்கிறேன். இளசில் செதில் நன்றாக இருக்கும், வயது ஏற ஏறத் தேய்ந்து மழுங்கும். சூரன் என்கிற சின்ன ஆளி மேலே ஏறிக் கிடந்தால் சாயமே தெரியாது. எனவே பெயரின் பொருளை வைத்து அடையாளம் காண்பது, கருப்பசாமி என்று பெயர் இருப்பதால் ஆள் கறுப்பாகத்தான் இருப்பார் என்று தேடுவது போல.

இனி உங்கள் குப்பிகள். மன்னார் வளைகுடாச் சிப்பியை 1850களில் இலங்கையில் ஆராய்ந்த கெலார்ட் என்ற மருத்துவர் மெலியக்ரினா மார்கரிடிஃபெரா என்றார். பெரிய கருவிளிம்புச் சிப்பியின் பெயரையே இதற்கும் சூட்டிவிட்டார். 1902இல் லிவர்பூலில் இருந்து பேராசிரியர் ஹெர்ட்மன் வந்தார், கூட ஜேம்ஸ் ஹார்னல். இலங்கை அரசுக்காக எழுதி ராயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை வெளியிட்ட ஐந்து பாக அறிக்கையில் இது மார்கரிடிஃபெரா வல்காரிஸ். ஹார்னல் பிறகு சென்னை மாகாண மீன்துறைக்குத் தலைவராக வந்தார். அதனால் நம் கரையிலும் அந்தப் பெயரே ஓடியது. உங்கள் முதல் சீட்டு அந்தப் பரம்பரை. பேரினப் பெயர் பிங்க்டாடா என்று நிலைத்தபிறகு எழுதியது இரண்டாவது. மூன்றாவது வரும்போது வல்காரிஸ் போய் ஃபுகாட்டா வந்துவிட்டது. 1973இல் தூத்துக்குடியில் அழகர்சுவாமி இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை எடுத்தபோது சிப்பியின் பெயர் ஃபுகாட்டாதான். உங்கள் வேப்பலோடைக் குப்பி அந்த முத்து வளர்ப்புப் பண்ணையின் மிச்சமாக இருக்கலாம். அப்படியென்றால் பத்திரம்.

பார்க்காரன் மகன் எழுதியது:

அக்கா, தொலையிரம் பார் 1958 என்ற சீட்டைப் படித்ததும் நெஞ்சு ஒரு தடவை நின்றது. எங்கப்பா அந்தப் பாரில் குளித்தவர். 1961தான் எங்கள் பக்கம் கடைசிச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எல்லோரும் சங்குகுளிக்குப் போனோம்.

எனக்கு ஒரு விஷயம் சிரிப்பாக இருக்கிறது. எங்கப்பாவுக்கு அது சிப்பி. அவ்வளவுதான், அடைமொழி கிடையாது. ஆனால் பாருக்குப் பெயர் உண்டு. கடலுக்குள் பத்துப் பன்னிரண்டு பாக ஆழத்தில் கிடக்கிற கல்தரை ஒவ்வொன்றுக்கும் பெயர். தண்ணீருக்கு மேலே நின்றுகொண்டே கரையின் கோபுரத்தையும் மரத்தையும் ஒத்துப்பார்த்து, இது இன்ன பார் என்பார். இவர் பெயர் வைத்தது இடத்துக்கு. நீங்கள் பெயர் வைக்கிறது பொருளுக்கு. இவர் வைத்த பெயர் அப்படியே இருக்கிறது, உங்கள் பெயர்தான் இருபது வருடத்துக்கு ஒரு தடவை மாறுகிறது.

அப்புறம், முக்குளிப்பான் ஐயா சூரன் என்று எழுதியதைப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் தவிர யாரும் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. சூரன் பாய் விரித்தது மாதிரி சிப்பி மேல் படர்ந்தால் அந்தப் பார் செத்தது என்று கணக்கு.

முக்குளிப்பான் எழுதியது:

தம்பி, குட்டு சரியாகத்தான் விழுந்தது. ஹார்னல் அந்தச் சொல்லை உங்கள் ஆட்களிடம் கேட்டுத்தான் எழுதினார். நான் அவரைப் படித்துக் கற்றேன். சூரனும் ஒரு சின்ன ஆளி வகைதான், அதற்கும் லத்தீன் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது. சூரன் மட்டும் சூரனாகவே இருக்கிறான்.

முகரக்கில் வாசி எழுதியது:

நான் பஹ்ரைனில் இருக்கிறேன். இங்கே சிப்பியை மஹ்ஹார் என்கிறார்கள். முகரக்கில் முத்துப் பாதை என்று பழைய வீடுகளையும் கடலுக்குள் மூன்று சிப்பிப் படுகைகளையும் சேர்த்து 2012இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே எல்லாப் பலகையிலும் பிங்க்டாடா ரேடியாட்டா என்றே இருக்கிறது. சந்தையில் ஒரு சிப்பி வாங்கி ஊருக்குக் கொண்டுபோய், திருச்செந்தூரில் பொறுக்கியதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டும் ஒன்றா, வேறா?

முக்குளிப்பான் எழுதியது:

இதைத்தான் நூறு வருடமாக அடித்துக்கொள்கிறார்கள்.

மூன்று பெயர், மூன்று கடல். இம்பிரிகாட்டா 1798, அட்லாண்டிக் கரையோரம். வெனிசுவேலாப் பக்கம் குபாகுவா தீவில் ஸ்பானியர்கள் ஆளைக் கொன்று முத்தெடுத்தது அந்தச் சிப்பியில். ரேடியாட்டா 1814, லீச் வைத்தது. பாரசீக வளைகுடாவுக்கும் செங்கடலுக்கும் அந்தப் பெயர் நிலைத்தது. சூயஸ் கால்வாய் 1869இல் திறந்ததும் முதலில் மத்தியதரைக் கடலுக்குக் குடிபெயர்ந்த கூட்டத்தில் அதுவும் ஒன்று. ஃபுகாட்டா 1850, கூல்ட் என்ற பாஸ்டன் மருத்துவர் அவிகுலா ஃபுகாட்டா என்று வைத்தது. நம் கரை, ஆஸ்திரேலியா எல்லாம் இதில் அடங்கும். ஜப்பானின் அகோயாச் சிப்பியையும் இதோடு சேர்ப்பார்கள்.

மூன்றும் ஒன்றே என்று நீங்கள் தீர்ப்புச் சொன்னால், மூத்தது இம்பிரிகாட்டா. மற்ற இரண்டும் அதற்குள் போய்விடும். அந்த மாணவன் படித்தது அந்தக் கட்சியின் எழுத்து. வேறு வேறு என்றால் ஃபுகாட்டா உயிரோடு இருக்கும். டிஎன்ஏ வந்து தீர்த்துவைக்கும் என்று நாங்கள் எல்லாம் காத்திருந்தோம். டெம்கின் என்பவர் 2010இல் முத்துச்சிப்பிக் குடும்பத்தையே மரபணு வைத்து வரிசைப்படுத்தினார். மூன்றும் மிகமிக நெருங்கியவை என்று தெரிந்தது. எவ்வளவு நெருக்கம் இருந்தால் ஒன்று என்பது, அங்கேதான் மறுபடி மனிதன் வந்துவிடுகிறான். ஒரே இனத்தின் மூன்று துணையினம் என்று எழுதுகிறவர்களும் உண்டு, தனித்தனி இனம் என்பவர்களும் உண்டு. அண்ணன் தம்பி தனிக்குடித்தனம் போனபிறகு ஒரு குடும்பமா இரண்டு குடும்பமா என்று ரேஷன் கடையில் கேட்டால் ஒரு பதில், கல்யாண வீட்டில் கேட்டால் வேறு பதில்.

என் கட்சியைக் கேட்டால், நம் கரைக்கு ஃபுகாட்டா. இந்தியாவில் ஐம்பது வருடமாக எழுதியது எல்லாம் அந்தப் பெயரில் கிடக்கிறது. மாற்றினால் தேடுகிறவனுக்கு ஒன்றும் கிடைக்காது. இது அறிவியல் காரணம் இல்லை என்று எனக்கே தெரியும்.

லத்தீன் வாத்தியார் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும். குடும்பப் பெயரையும் ஸ்டிக்கரில் போடப்போகிறார்கள் என்றால் கவனம். பழைய புத்தகத்தில் டெரியிடே என்று இருக்கும். இப்போது பிங்க்டாடாவைப் பிரித்து மார்கரிடிடே என்ற குடும்பத்தில் வைக்கிறார்கள். தின்னும் சிப்பிகள் இருக்கும் ஆஸ்ட்ரெயிடே தனி. ஆங்கிலத்தில் இரண்டையும் ஆய்ஸ்டர் என்று சொல்வதால் மாணவர்கள் குழம்புகிறார்கள். தின்னும் சிப்பி இடது ஓட்டைக் கல்லில் சிமென்ட் வைத்தது போல ஒட்டிக்கொண்டு ஆயுசுக்கும் அங்கேயே. முத்துச்சிப்பி நாரால் கட்டிக்கொள்கிறது, வேண்டாம் என்றால் அறுத்துவிட்டு நகரும்.

இன்னொரு கேள்வி ஐயாவுக்கு. வல்காரிஸ் என்பது ஷூமாக்கர் 1817இல் வைத்த பெயர். ஃபுகாட்டா 1850. மூத்ததற்கு முதலிடம் என்றால் வல்காரிஸ் அல்லவா நிற்க வேண்டும்?

முக்குளிப்பான் எழுதியது:

வாத்தியார் வாத்தியார்தான். ஆமாம், 1817 மூத்தது. ஆனால் வல்காரிஸை இப்போது பெரும்பாலும் ரேடியாட்டாவோடு சேர்த்தே பட்டியலிடுகிறார்கள், அது 1814. மூன்று வருடத்தில் தோற்றது. நம் ஆட்கள் வல்காரிஸ் என்று எழுதியதெல்லாம், பெயர் வேறொருவருடையது, சிப்பி நம்முடையது என்ற கதை.

குடும்பம் மாறியதை ஒப்புக்கொள்கிறேன், சந்தோஷமாக இல்லை. குடும்பப் பெயரை ஸ்டிக்கரில் போடாதீர்கள் அம்மா, அடுத்த வெள்ளையடிப்புக்குள் திரும்ப மாறும். தின்னும் சிப்பிக் குப்பியைத் தொட்டால் இன்னொரு சண்டை காத்திருக்கிறது. கிராஸோஸ்ட்ரியா என்ற பெயரைப் பசிபிக் வகைகளுக்கு எடுத்துவிட்டு மகல்லானா என்று சிலர் மாற்ற, 2017இல் ஒரு கூட்டமே சேர்ந்து மறுப்பு எழுதியது. அதற்குத் தனியாகக் கேள்வி போடுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. பெயரை விட்டுவிட்டுச் சிப்பியைப் பாருங்கள். கீலின், அதாவது இரண்டு ஓடும் சேரும் கோட்டின், இரண்டு முனையிலும் சின்னப் பல் தெரிகிறதா? அந்த முனைகளில் காது மாதிரி ஓடு நீண்டிருக்கும்; முன்காது பெரிதாக, பின்காதும் ஓரளவு நன்றாக இருக்கிறதா? வெளியே செம்பழுப்பு அல்லது மஞ்சள் பழுப்பில் வெளிறிய கதிர்க்கோடு ஓடுகிறதா? அப்படியென்றால் ஃபுகாட்டா. பல்லே இல்லாமல், பின்காது இல்லாமல், உள்பக்கத்து மினுமினுப்பின் ஓரம் கறுத்திருந்தால் அது மார்கரிடிஃபெரா, கருவிளிம்பன். காது இரண்டும் சிறுத்து, ஓடு அதிகம் உப்பாமல் இருந்தால் பிங்க்டாடா சுஜிலாட்டா என்ற வேறு இனமாக இருக்கலாம். நம் பாரில் ஃபுகாட்டாவும் இதுவும் கலந்தே கிடக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இளஞ்சிப்பிக் கணக்கெடுப்பில் இரண்டையும் ஒன்றாக எண்ணி, "பாரில் சிப்பி பெருகிவிட்டது" என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னை உட்காரவைத்துத் திரும்பவும் முதலில் இருந்து எண்ண வைத்தார். ஐந்து நாள்.

குப்பிக்குள் ஃபார்மலின் இருந்தால் சாராயத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். ஃபார்மலின் நாள்பட்டால் புளித்து ஓட்டின் சுண்ணாம்பைத் தின்னும்.

பனங்காட்டுக்காரி எழுதியது:

நேற்று மாலை எல்லோரும் போனபிறகு கை லென்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் குப்பியில் ஃபார்மலின்தான். சிப்பிகள் தொட்டால் சாக்குக்கட்டி மாதிரி வெள்ளைப் பொடி கையில் ஒட்டுகிறது. கீல் முழுக்க அரித்துப் போயிருக்கிறது. பல் இருந்ததா இல்லையா என்று யாராலும் இனிச் சொல்ல முடியாது. அந்தக் கரப்பான் தின்ற காகிதம் மட்டும்தான் சாட்சி. அதைச் சுரண்டப் போனேன் என்று நினைத்தால் வயிற்றைப் புரட்டுகிறது.

வேப்பலோடைக் குப்பியில் நாலு, எல்லாம் ஐயா சொன்ன மாதிரியே. பல்லைக் கண்டுபிடித்ததும் ஒரு சந்தோஷம் வந்தது, எதற்கென்று தெரியவில்லை.

1958 குப்பியில் ஏழு. ஆறில் முன்காது நன்றாக இருக்கிறது. ஏழாவது வேறு. காது இரண்டும் சின்னது, ஓடு தட்டை, செம்பழுப்பு. அறுபது வருடத்துக்கு மேலாக மற்றதோடு சேர்ந்து ஒரே பெயரில் இருந்திருக்கிறது. வல்காரிஸ் என்று போட்டாலும், ஃபுகாட்டா என்று போட்டாலும், இம்பிரிகாட்டா என்று போட்டாலும் அந்த ஒன்றுக்குத் தப்புத்தான்.

துறைத் தலைவரிடம் குப்பியைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். லென்ஸைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பழைய சீட்டு அப்படியே இருக்கட்டும், குப்பியின் அடுத்த பக்கத்தில் புதிதை ஒட்டு என்றார். ஸ்டிக்கர் கடைக்காரருக்குப் "பிங்க்டாடா ஃபுகாட்டா (கூல்ட், 1850)" என்று மூன்று அனுப்பியாயிற்று, அடைப்போடு. முதல் குப்பிக்குப் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியும் போடச் சொன்னேன். "அக்கா, கேள்விக்குறி தப்பா விழுந்திருக்கா?" என்று போன் செய்தார்.

ஏழாவதைத் தனிக் குப்பியில் போட்டிருக்கிறேன். உள்ளே ஒரு துண்டுக் காகிதம், பென்சிலில்: பிங்க்டாடா, தொலையிரம் பார், 1958. பார்க்காரன் மகன் தம்பி, உங்கள் அப்பா சொன்ன இடத்தை முழுசாக எழுதியிருக்கிறேன். சிப்பிக்குப் பாதிப் பெயர்தான்.

ஐயா, நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் ஒரு எட்டு வந்து அதைப் பாருங்கள். பேனா தரமாட்டேன், சாராயத்தில் மை கரைகிறது. பென்சில் வைத்திருக்கிறேன்.